மறுமொழி: மாலைமாற்று எண்ணா, இருவழி எண்ணா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் மாறாத எண்ணை (palindromic number) தமிழில் எப்படி அழைப்பது என்ற கேள்விக்கு முன்மொழியப்பட்ட மாலைமாற்று, இருவழி, விகடகவி என்ற மூன்று சொற்களையும் ஒரு பெரிய எண்ணின் மீது வைத்துப் பார்த்தேன்.

1000000000000066600000000000001

31 இலக்கங்கள். நடுவில் 666, இருபுறமும் 13 சுழியங்கள், ஓரங்களில் 1. இது ஒரு பகா எண். ஹார்வி டப்னர் கண்டறிந்த இதற்கு, அறிவியல் எழுத்தாளர் கிளிஃபோர்ட் பிக்கோவர் பெல்பெகோர் என்ற பேயின் பெயரைச் சூட்டினார். பேயை விட்டுவிடுவோம், எண்தான் அழகு. சுழியமே இல்லாத 16661 பகா எண். பக்கத்திற்கு ஒன்றாகச் சுழியங்களைக் கூட்டிக்கொண்டே போனால் 12 வரை எல்லாமே பகு எண்கள். 13இல்தான் மீண்டும் பகா எண் கிடைக்கிறது, அதற்கடுத்து 42இல்.

பகாத்தன்மை எண்ணுக்கே உரியது, எந்த அடிமானத்தில் (பதின்ம முறை, இரும முறை போன்றவை) எழுதினாலும் மாறாது. இருபுறமும் ஒத்திருப்பதோ எழுதும் முறைக்கு உரியது. 121ஐப் பழைய தமிழ் எண்முறையில் ௱௨௰௧ என்று எழுதினால் அந்த ஒப்புமை போய்விடுகிறது. 585 இரும முறையிலும் 1001001001 என்று ஒத்தே நிற்பது அரிதான நிகழ்வு. ஆகவே, வரிசையாகக் கோத்து எழுதப்பட்டது என்ற பொருள் கலைச்சொல்லில் இருந்தாக வேண்டும். 'யாமாமாநீ யாமாமா' என்று தொடங்கும் சம்பந்தர் பதிகம் மாலைமாற்று என்றே பெயர் பெற்றது. எழுத்துகளைக் கோக்கும் முறைக்கு நம்மிடம் முன்பே உள்ள பெயர் அது. 'இருவழி' போக்குவரத்தைச் சொல்கிறதே தவிர அமைப்பைச் சொல்லவில்லை. 'விகடகவி' திருப்பிப் படித்தாலும் மாறாத சொல்லுக்கு ஓர் எடுத்துக்காட்டு, அதை இனத்திற்கே பெயராக்குவது பொருந்தாது.

'மாலைமாற்று எண்' என்பதை 'மாற்று எண்' என்று பிரித்துப் படித்துவிடுவார்கள் என்று குழுவில் ஐயா ஒருவர் எழுப்பிய தடை நியாயமானது. 'மாலைமாற்று' என எப்போதும் சேர்த்தே எழுதினால் போதும் என்று நினைக்கிறேன். ஒரு தேற்றத்தில் வைத்துப் பாருங்கள்: இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக உள்ள ஒவ்வொரு மாலைமாற்று எண்ணும் 11ஆல் வகுபடும். இலக்கங்களை மாறி மாறிக் கூட்டிக் கழித்துச் சுழியம் வந்தால் எண் 11ஆல் வகுபடும்; 1221இல் 1−2+2−1 சுழியமாகிறது. முன்பாதியில் கூட்டிய ஒவ்வோர் இலக்கமும் பின்பாதியில் கழிந்துவிடுகிறது, எத்தனை நீண்ட எண்ணானாலும் இதே கதைதான். எனவே 11ஐத் தவிர மற்ற எல்லா மாலைமாற்றுப் பகா எண்களும் ஒற்றைப்படை இலக்க எண்ணிக்கை கொண்டவை. பெல்பெகோர் எண்ணின் 31 இலக்கங்களும் அப்படித்தான். வாக்கியம் எங்கும் இடறவில்லை, 'மாலைமாற்றுப் பகா எண்' என்ற தொடரும் இயல்பாகவே வருகிறது.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. 56ஐத் திருப்பி எழுதிய 65ஐ அதனுடன் கூட்டினால் 121. இப்படியே 196ஐத் திருப்பித் திருப்பிக் கூட்டினால் இதுவரை மாலைமாற்று எண் கிடைத்ததில்லை. கிடைக்காது என்று யாரும் நிறுவவும் இல்லை. திருப்பி எழுதிய எண்ணை எப்படி அழைப்பது? பாடநூல்களில் தலைகீழி என்றால் 5க்கு 1/5, ஆகவே 'தலைகீழ் எண்' குழப்பும். 'எதிர்வரிசை எண்' என்பது என் முன்மொழிவு. இதைவிடச் சுருக்கமான சொல் இருந்தால் எழுதுங்கள்.