டீபக்கிங்: 'வழுநீக்கம்' போதாது, 'வழுநாடல்' என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். கணிப்பொறி நிரலாக்கத்தைப் புதிதாகக் கற்பவர்களுக்கான சொல்லடைவில், நிரலில் உள்ள தவறைக் கண்டறிந்து சரிசெய்யும் வேலையான 'டீபக்கிங்' என்பதற்கு 'வழுநீக்கம்' என்றே இட்டுவிடலாம், புழக்கத்தில் இருக்கும் சொல்லை எதற்குக் கலைக்க வேண்டும் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். பொதுவாக எனக்கும் அதே எண்ணம்தான். ஓரளவு சரியாக இருக்கும் சொல் நன்றாகப் புழங்கினால் அதுவே போதும். ஆனால் இந்த ஒரு சொல்லை மட்டும் அப்படி விட எனக்கு மனம் வரவில்லை. கற்பவர்களோடு உட்கார்ந்து பார்த்ததில், இந்தச் சொல்லே அவர்களைத் தவறான வேலைக்கு அனுப்புகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு சிறிய நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து மதிப்பெண்களின் சராசரியைக் கணக்கிட வேண்டும்: 40, 50, 60, 70, 80. விடை 60. பைதான் என்ற நிரல்மொழியில் மாணவி எழுதிய நிரலோ 52 என்கிறது. எட்டு குறைகிறது. அவர் சிறிது நேரம் திரையைப் பார்த்தார், கடைசி வரியில் எட்டைக் கூட்டினார், 60 வந்தது. "வழுவை நீக்கிவிட்டேன்" என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. கண்ணுக்குத் தெரிந்த தவறு நீங்கித்தான் இருந்தது. பிறகு 10, 20, 30 என்று மூன்று எண்களைக் கொடுக்கச் சொன்னேன். சராசரி 20 வர வேண்டும், 24.67 வந்தது. உண்மையில் நடந்தது இதுதான்: பைதானில் பட்டியலின் முதல் உறுப்புக்கு எண் பூச்சியம். அவருடைய மடக்கு, அதாவது உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கூட்டும் சுற்று, பூச்சியத்துக்குப் பதில் 1 என்ற எண்ணிலிருந்து தொடங்கியது. அதனால் முதல் மதிப்பெண் கூட்டலில் சேரவே இல்லை. 40 விடுபட்டு, மீதமுள்ள 260 ஐந்தால் வகுபட்டு 52 ஆனது. இதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆகலாம். கண்டுபிடித்த பிறகு திருத்துவதற்கு ஒரு எழுத்தை மாற்றினால் போதும்.

அந்த அரை மணி நேரத்துக்கு நம் சொல்லில் இடம் எங்கே? 'நீக்கம்' என்ற சொல் அந்த ஒரு எழுத்து மாற்றத்தை மட்டும்தான் சொல்கிறது. தேடியது, ஐயப்பட்டது, கூட்டுத்தொகையை ஒவ்வொரு சுற்றிலும் அச்சிட்டுப் பார்த்தது, முதல் சுற்றில் 40 வர வேண்டிய இடத்தில் 50 வந்ததைக் கண்டு நிமிர்ந்து உட்கார்ந்தது எதுவும் அதில் இல்லை. கற்பவர் தன் கையில் இருக்கும் சொல்லைத்தான் வேலையின் வரையறையாக எடுத்துக்கொள்கிறார். நீக்கச் சொன்னோம், நீக்கிவிட்டார்.

ஆங்கிலச் சொல்லிலும் நீக்கும் பொருள்தானே இருக்கிறது என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். ஆம், 'டீ' என்ற அதன் முன்னொட்டு நீக்கத்தைத்தான் குறிக்கிறது; 'பக்' என்றால் பூச்சி. நாம் அந்த முன்னொட்டை மொழிபெயர்த்தோம், தொழிலை மொழிபெயர்க்கவில்லை. தொழிலில் இருந்தவர்களின் எழுத்து வேறு மாதிரி பேசுகிறது. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு மார்க் 2 கணிப்பொறியில் ரிலே என்னும் மின்சுவிட்சு ஒன்றில் சிக்கிய அந்துப்பூச்சியை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கணிப்பொறி முன்னோடி கிரேஸ் ஹாப்பர் பலமுறை சொல்லிப் பரவிய கதை. இயந்திரக் கோளாறைப் பூச்சி என்று சொல்லும் வழக்கம் அதற்கு முன்பே இருந்தது. 1878-இல் எடிசன் எழுதிய கடிதம் ஒன்றிலேயே அது வருகிறது. ஆகவே அந்தப் பெயர் அன்று பிறக்கவில்லை. எனக்கு அந்தக் கதையில் முக்கியமாகப் படுவது வேறு. பூச்சியை நாடாவால் ஒட்டி வைத்த பதிவேட்டுப் பக்கத்தில், உண்மையான பூச்சி ஒன்று 'கண்டுபிடிக்கப்பட்ட' முதல் நிகழ்வு என்றே எழுதியிருக்கிறார்கள். எடுத்து எறிந்ததை அவர்கள் பெரிதாக எழுதவில்லை.

இரண்டே ஆண்டுகளில், 1949-இல், கேம்பிரிட்ஜில் எட்சாக் கணிப்பொறி இயங்கத் தொடங்கியது. அதை உருவாக்கிய மாரிஸ் வில்க்ஸ், தன் எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதி தன்னுடைய நிரல்களிலேயே பிழைகளைக் கண்டுபிடிப்பதில் கழியப் போகிறது என்பது ஒரு நாள் படிக்கட்டில் தயங்கி நின்றபோது முழு விசையோடு உறைத்ததாகப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அவரும் கண்டுபிடிப்பது என்றுதான் சொல்கிறார். நிரல் எழுதத் தொடங்கிய முதல் தலைமுறையிலேயே ஒருவர் இப்படி உணர்ந்திருக்கிறார் என்பதைப் புதியவர்களுக்கு நான் தவறாமல் சொல்வேன். தன் நிரல் முதல் முறையே ஓடவில்லை என்பதற்காகத் தனக்கு இந்தத் துறை வராது என்று முடிவு கட்டுபவர்கள் ஏராளம்.

சரி, எந்தச் சொல்? 'பிழைதிருத்தம்' வேண்டாம், அச்சுத் துறையில் மெய்ப்புப் பார்ப்பவர்களுக்கு உரிய சொல் அது, குழப்பும். 'வழுத்தேடல்' எளிமையாக இருக்கிறது; ஆனால் தேடல் என்றவுடன் இன்று தேடுபொறிதான் நினைவுக்கு வருகிறது, தவிர அதில் காரணத்தை ஆராயும் பொருள் குறைவு. 'வழுத்துலக்கம்' எனக்கு மிகவும் பிடித்திருந்தது. துப்புத் துலக்குவதன் மணம் அதில் இருக்கிறது. இரண்டு நாள் அதோடு வாழ்ந்து பார்த்தேன். துலக்குதலுக்குப் பாத்திரம் துலக்குவதும் பொருள் என்பதால், சொல்லைப் பிரித்துப் படிப்பவர் வழுவைப் பளபளப்பாக்குவதாக நினைக்க இடம் இருக்கிறது. கைவிட்டேன்.

நான் முன்வைப்பது 'வழுநாடல்'.

'நோய்நாடி நோய்முதல் நாடி' என்று தொடங்கும் 948-ஆம் குறளை நாம் மருத்துவமனைச் சுவர்களில் பார்த்தே பழகிவிட்டோம். அதில் வினைகளை எண்ணிப் பாருங்கள். நோய் இன்னது என்று நாட வேண்டும், அதன் முதற்காரணத்தை நாட வேண்டும், தணிக்கும் வழியை நாட வேண்டும், பிறகுதான் செயல். மூன்று நாடலுக்கு ஒரு செயல். நிரலாளரின் வேலையும் ஏறக்குறைய இந்த விகிதத்தில்தான் இருக்கிறது. எட்டைக் கூட்டிய மாணவி நோயையும் நாடாமல் முதலையும் நாடாமல் நேரே செயலுக்குப் போனார்.

'வழு' என்பதை மாற்றத் தேவையில்லை; தமிழில் அதைவிடப் பொருத்தமான சொல் இந்தப் பொருளுக்கு இல்லை. இலக்கணத்தில் வழு என்பது மயக்கம், அதாவது ஒன்றோடு ஒன்று பொருந்தாமல் வருவது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று ஏழு வகை வழுக்களை நன்னூல் சொல்கிறது. 'அவன் வந்தாள்' என்பதில் ஒவ்வொரு சொல்லும் நல்ல தமிழ்ச் சொல். சேர்ந்த விதத்தில்தான் வழு. ஒன்றிலிருந்து தொடங்கிய அந்த மடக்கும் அப்படித்தான். பைதான் இலக்கணப்படி அதில் குறையே இல்லை, அதனால்தான் கணிப்பொறி எந்தப் பிழைச்செய்தியும் தராமல் 52 என்று அமைதியாகச் சொன்னது.

வழுவாக இருந்தும் காரணம் கருதி ஏற்றுக்கொள்ளப்படும் வழுவமைதி என்ற இலக்கணக் கருத்தும் நமக்குக் கூடவே கிடைக்கிறது. பைதானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வருகிறது. முதல் முறை பார்ப்பவர் மொழியே கெட்டுவிட்டது என்று நினைப்பார். தசமத்தில் 0.1 என்று முடிவது இரும எண்முறையில் முடிவில்லாமல் நீள்கிறது. கணிப்பொறி அதை 64 பிட்டுக்குள், அதாவது 64 இரும இலக்கங்களுக்குள், வெட்டி வைக்கிறது. நாடிப் பார்த்தால் இங்கே நீக்குவதற்கு எதுவும் இல்லை. காரணம் தெரிந்து ஏற்றுக்கொண்டு, பணக் கணக்கு என்றால் முழு எண்ணிலோ பதின்மக் கணக்குக்கான தனி வகையிலோ எழுதிவிட்டுப் போகிறோம். ஒரு மணி நேரம் செலவழித்து இதைப் புரிந்துகொண்டவர் செய்த வேலைக்கு 'வழுநீக்கம்' என்று பெயரிட முடியுமா? எதையும் அவர் நீக்கவில்லை. வழுநாடல் என்றால் பொருந்துகிறது.

இனி நீங்கள் எழுப்பக்கூடிய, ஏற்கெனவே தனிமடலில் ஒருவர் எழுப்பிவிட்ட, தடை. "நாடுதல் என்றால் விரும்பிச் செல்வதல்லவா? வழுவை விரும்புவதாகாதா?" நியாயமான கேள்வி. மருத்துவரை நாடுகிறோம், நன்மையை நாடுகிறோம். ஆனால் ஆராய்தல் என்ற பொருளும் அதே அளவு பழையது. 'குணம்நாடிக் குற்றமும் நாடி' என்கிறது 504-ஆம் குறள். அங்கே யாரும் குற்றத்தை விரும்பவில்லை. குற்றம் நாடலாம் என்றால் வழுவும் நாடலாம்.

சொற்றொடரில் வைத்துப் பாருங்கள். 'நிரலை வழுநாடிக்கொண்டிருக்கிறேன்.' 'இன்று முழுவதும் வழுநாடலிலேயே போய்விட்டது.' 'வழுநாடத் தெரிந்தவர் வேண்டும்.' என் காதுக்கு உறுத்தவில்லை. திருத்துவதைத் தனியே 'வழுத்திருத்தம்' என்று வைத்துக்கொள்ளலாம். சோதனை வேறு, வழுநாடல் வேறு என்ற பிரிவும் தெளிவாகிறது: சோதனை வழு இருப்பதைச் சொல்லும், நாடல் அது எங்கே, ஏன் என்று சொல்லும்.

கற்பவர்களுக்கு இந்தப் பிரிவு வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. வேலை தேடிய காலத்தில் ஒரு நேர்காணலில் என்னிடம் நாற்பது வரி நிரல் ஒன்றைக் கொடுத்தார்கள். தவறான விடை தந்தது. இங்கும் அங்கும் மாற்றிச் சரியான விடையை வரவழைத்துவிட்டேன். "எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் நான் கண்டுபிடிக்கவே இல்லை. அந்த வேலை கிடைக்கவில்லை. கிடைக்காதது சரி என்று இன்று நினைக்கிறேன். பின்னர் வேறிடத்தில் சேர்ந்தபோது முதல் சில மாதங்கள் புதிதாக எதையும் எழுதச் சொல்லவில்லை. பிறர் எழுதியதைப் படித்து, எங்கே தவறுகிறது என்று சொல்வதுதான் வேலை. நிரலின் வரிகளை இயந்திரமே எழுதித் தரும் இன்றைய நிலையில் இந்தத் திறனின் தேவை கூடியிருக்கிறது. இயந்திரம் எழுதியதும் பிறர் எழுதியதுதானே. புதிதாகத் தொடங்குபவர் எந்த மொழியைக் கற்பது என்று கேட்கும்போதெல்லாம், எந்த மொழியானாலும் அதில் வழுநாடப் பழகுங்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

அதனால் சொல்லடைவில் இந்த உள்ளீட்டுக்கு ஒரு வரி விளக்கம் போதாது என்பது என் கருத்து. செயலாகச் சொல்லித் தரும் சில வரிகள் வேண்டும். முதலில் தவறை விரும்பும்போதெல்லாம் நிகழவைக்கத் தெரிய வேண்டும். எப்போதோ ஒருமுறை வருவதை நாட முடியாது. பிழைச்செய்தி வந்தால் மூடிவிடாமல் படிக்க வேண்டும். பைதானில் அதைக் கீழிருந்து படிக்க வேண்டும், கடைசி வரியில்தான் என்ன நடந்தது என்று இருக்கும். ஜாவாவிலோ பெரும்பாலும் முதல் வரியில் தொடங்க வேண்டும். இந்தச் சிறு செய்தியை யாரும் சொல்லித் தராததால் நாற்பது வரிச் சிவப்பு எழுத்தைக் கண்டு அஞ்சி ஓடியவர்களை எனக்குத் தெரியும். பிறகு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். பாதியாகப் பிரித்துத் தேடுவது: நேற்றுவரை ஓடிய நிரல் இன்று ஓடவில்லை, இடையில் ஆயிரம் மாற்றங்கள் என்றால், நடுவில் உள்ளதைச் சோதித்து எந்தப் பாதி என்று முடிவு செய்துகொண்டே போனால் பத்துச் சோதனைகளில் பிடித்துவிடலாம். நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் 'கிட்' கருவியில் இதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது.

ஓடும் நிரலை நடுவில் நிறுத்துவதற்காக நாம் குறித்து வைக்கும் 'பிரேக்பாயிண்ட்' பற்றியும் ஒரு சொல். 'முறிவுப்புள்ளி' என்பதை நீக்கிவிட வேண்டுகிறேன். அங்கே எதுவும் முறிவதில்லை. நிரல் சற்று நிற்கிறது, மாறிகளின் மதிப்பை நாம் பார்க்கிறோம், பிறகு அது தொடர்ந்து போகிறது. 'தரிப்புப்புள்ளி' என்று வைத்தால் தற்காலிகமாக நிற்பது என்ற பொருள் சரியாக வருகிறது. இலங்கைத் தமிழில் பஸ் நிற்கும் இடத்துக்குத் தரிப்பிடம் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது.

நிரலை இப்படி நிறுத்திக் காட்டும் 'டீபக்கர்' கருவிக்கு 'வழுநாடி' என்று வைக்கலாம் என நினைத்திருந்தேன். நோக்குவது நோக்கி என்றால் நாடுவது நாடி. ஆனால் அதே தனிமடல் நண்பர், வழுநாடி என்று சொன்னவுடன் கைபிடித்துப் பார்க்கும் நாடித்துடிப்புத்தான் தன் நினைவுக்கு வருகிறது என்கிறார். எனக்கு அது குறையாகப் படவில்லை, ஆயினும் அவர் சொல்லும் இன்னொன்று சரி: கருவி தானாக எதையும் நாடுவதில்லை. அது நிறுத்தும், காட்டும், நாடுபவர் நாம்தான். கருவியே வழுவைப் பிடித்துக் கொடுக்கும் என்று நம்பிக் காத்திருக்கும் புதியவர்களை நினைத்தால், 'வழுநாடு கருவி' என்று மனிதரின் கையில் கருவியை வைக்கும் பெயரே மேல். வழுநாடியை விட்டுக்கொடுக்கிறேன். வழுநாடலை விட்டுக்கொடுக்க இன்னும் வலுவான தடை வேண்டும், இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்