பிரிட்ஜ் முறையில் உள்ள மோடம் வழியாக நிலையான ஐபி முகவரிகள்: வழிகாட்ட வேண்டுகிறேன்

நண்பர்களுக்கு வணக்கம். ஏற்காட்டில் உள்ள எங்கள் காபித் தோட்ட அலுவலகத்திற்கு இன்னும் செம்புக் கம்பி வழியாகவே டிஎஸ்எல் இணைப்பு வருகிறது. மோடத்தைப் பிரிட்ஜ் முறைக்கு (தரவை அப்படியே கடத்த மட்டும் செய்யும் முறை) மாற்றி, பிபிபிஓஇ இணைப்பை (பயனர்பெயர், கடவுச்சொல் கொண்டு சேவை நிறுவனத்துடன் இணையும் முறை) ரௌட்டரே ஏற்படுத்துமாறு அமைத்தேன். இணையம் உடனே கிடைத்துவிட்டது.

சிக்கல் நிலையான முகவரிகளில்தான். நாங்கள் வாங்கியிருப்பது /29 தொகுதி. அதன் 8 முகவரிகளில் முதலும் கடைசியும் நீங்கலாக 6 பயன்படும். ரௌட்டருக்குரிய முகவரி வெளியிலிருந்து அனுப்பும் பிங் என்ற சோதனைச் செய்திக்குப் பதில் தருகிறது. ஆனால் கணக்கு சர்வருக்கும், மழைமானியைச் சேலம் அலுவலகத்திலிருந்து பார்ப்பதற்காக வைத்த கேமராவுக்கும் ஒதுக்கிய முகவரிகளை எட்டவே முடியவில்லை.

பிபிபிஓஇ இணைப்பில் ஏஆர்பிக்கு (ஓர் ஐபி முகவரி எந்தக் கருவியுடையது என்று கேட்டறியும் முறை) வேலை இல்லை என்பதால், சேவை நிறுவனம் தொகுதி முழுவதையும் எங்கள் ரௌட்டரை நோக்கித் திருப்பிவிட்டிருக்க வேண்டும் என்றும், அதன் பின்னரே ஒன்றுக்கு ஒன்று நேட் விதிகள் (ஒவ்வொரு வெளி முகவரியையும் ஓர் உள் முகவரிக்கு மாற்றித் தருபவை) பயன்படும் என்றும் கருதுகிறேன். இது சரிதானா? அல்லது நேட்டைத் தவிர்த்து, தொகுதியை லேன் (அலுவலக உள் வலையமைப்பு) பக்கத்திலேயே அமைப்பது நல்லதா? எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1492 பைட் என வைத்துள்ளேன்.

அந்த முகவரிகளுக்கான பாக்கெட்டுகள் ரௌட்டர் வரையாவது வருகின்றனவா என்று சோதிக்கும் முறையையும் தெரிவித்தால், நிறுவனத்திடம் ஆதாரத்துடன் பேச முடியும். மழைக்காலத்திற்குள் இதை முடித்துவிட மிகவும் விரும்புகிறேன்.