125 மெகாஹெர்ட்ஸ் கிளாக்: ப்ரோப் வைத்தால் பிழை நிற்கிறது, எடுத்தால் வருகிறது

கேள்வி:
வணக்கம். நான்கு லேயர் போர்டு, ஜிகாபிட் ஈதர்நெட், ஆர்ஜிஎம்ஐஐ (மேக், ஃபை இரண்டையும் இணைக்கும் இடைமுகம்), 2.5 வோல்ட். டிரான்ஸ்மிட் கிளாக் ட்ரேஸ் 60 மி.மீ., 50 ஓம்; அனுப்பும் சிப் பக்கம் 33 ஓம் சீரிஸ் ரெசிஸ்டர். ட்ரேஸின் நடுவில் 18 மி.மீ. கிளை பிரித்து டெஸ்ட் பேட். ஸ்கோப்பின் 10:1 பேசிவ் ப்ரோபில் (அலையைப் பத்தில் ஒன்றாக்குவது) உச்சம் 3.8 வோல்ட் காட்டுகிறது. ப்ரோப் தொட்டிருக்கும் வரை பாக்கெட் பிழை இல்லை. கோளாறு ட்ரேஸிலா, அளக்கும் முறையிலா?

பதில் 1:
அந்த 3.8 வோல்ட்டை நம்பாதீர்கள். ப்ரோபோடு வரும் 15 செ.மீ. கிரவுண்ட் வயருக்கு ஏறத்தாழ 150 நானோஹென்றி, ப்ரோப் முனைக்குச் சுமார் 10 பிகோஃபாரட். இரண்டும் சேர்ந்து 130 மெகாஹெர்ட்ஸ் அருகே ஒத்ததிரும். உங்கள் கிளாக்கோ 125! வயரைக் கையால் பிடித்து நகர்த்துங்கள். அலை மாறினால் அது போர்டின் அலை அல்ல. வயரைக் கழற்றிவிட்டு முனையில் குட்டி கிரவுண்ட் ஸ்பிரிங் போட்டால் ஒத்ததிர்வு 500 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போய்விடும்.

பதில் 2:
பிழை நிற்பதுதான் இங்கே பெரிய தடயம். ப்ரோபின் 10 பிகோஃபாரட் கிளாக்கைக் கால் நானோநொடி அளவுக்குப் பிந்த வைக்கிறது. அதிலேயே சரியாகிறது என்றால் கிளாக் முந்தி வருகிறது. ஆர்ஜிஎம்ஐஐயில் அது டேட்டாவுக்கு 1.5 முதல் 2 நானோநொடி பிந்த வேண்டும். அந்தத் தாமதத்தை ட்ரேஸ் நீளம் கொடுக்கவில்லை என்றால் மேக் (பாக்கெட்டைக் கையாளும் பகுதி), ஃபை (கேபிளோடு பேசும் சிப்) இரண்டில் ஒன்றுதான் கொடுக்க வேண்டும். லினக்ஸ் என்றால் டிவைஸ் ட்ரீயில் (போர்டின் வன்பொருளை விவரிக்கும் கோப்பு) ஃபை-மோட் என்னவென்று பாருங்கள்.

கேட்டவர்:
வெறும் 'ஆர்ஜிஎம்ஐஐ' என்று இருந்தது. 'ஆர்ஜிஎம்ஐஐ-ஐடி' (தாமதத்தைச் சிப்பே தரும் மோட்) ஆக்கியதும் ப்ரோப் இல்லாமலே பிழை நின்றுவிட்டது. மிக்க நன்றி. அடுத்த போர்டில் டெஸ்ட் பாயின்ட்டை எப்படி வைப்பது?

பதில் 1:
கிளையே வேண்டாம். சிக்னல் 18 மி.மீ. போய்த் திரும்ப 0.2 நானோநொடிக்கு மேல் ஆகும். அரை நானோநொடியில் எழும் கிளாக் விளிம்பை அது கெடுக்கும். 0402 அளவு 953 ஓம் ரெசிஸ்டரின் ஒரு பேடை ட்ரேஸின் மேலேயே உட்கார வையுங்கள். மறு பேடிலிருந்து 50 ஓம் ட்ரேஸ், யு.எஃப்.எல் என்ற குட்டி கோஆக்ஸ் கனெக்டர், கோஆக்ஸ் கேபிள், ஸ்கோப்பில் 50 ஓம் இன்புட். இது 20:1, 2.5 வோல்ட் 125 மில்லிவோல்ட்டாகத் தெரியும். அலை குறைவது ஐந்து சதவீதம் அளவுதான். ரெசிஸ்டருக்குப் பின்னுள்ள ட்ரேஸ் நீளமாக இருந்தாலும் பரவாயில்லை, முடிவில் 50 ஓம் இருக்கிறது. 453 ஓம் போட்டால் 10:1 கிடைக்கும், ஆனால் சுமை இரட்டிப்பு.

பதில் 2:
இடம், பெறும் சிப்பின் காலுக்குப் பக்கத்தில். சீரிஸ் ரெசிஸ்டர் உள்ள லைனின் நடுவில் அளந்தால் பாதி உயரத்தில் ஒரு படி தெரியும். பெறும் முனையிலிருந்து பிரதிபலிப்பு திரும்பி வரும்வரை நிற்கும், அது கோளாறே அல்ல. ஸ்கோப் 700 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைந்தால் அரை நானோநொடி விளிம்பு மழுங்கித்தான் தெரியும். உற்பத்திக்குப் போகும்போது 953 ஓமை மட்டும் பொருத்தாமல் விடுங்கள். பேட் அப்படியே இருக்கலாம்.