கர்தரெஸ்கு உலகப் புகழ் பெற்றவரா? கொஞ்சம் அடக்கி வாசிப்போமே

பழுப்புத்தாள்:
'சொலெனாய்ட்' நாவலுக்கு 2024-இல் டப்ளின் இலக்கிய விருது கிடைத்ததிலிருந்து அதை எழுதிய மிர்ச்சா கர்தரெஸ்குவை "உலகமறிந்த ருமேனியர்" என்கிறார்கள். ருமேனியா என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். டிராகுலா என்பார்கள். கொஞ்சம் வயதானவர் என்றால், 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் பத்துக்குப் பத்து வாங்கிய நாடியா கொமனேச்சி. கர்தரெஸ்கு பெயர் யார் வாயிலும் வராது.

மேசைவிளக்கு:
ஜிம்னாஸ்டிக் வீராங்கனையோடு நிறுத்தினால் எந்த நாவலாசிரியர்தான் தேறுவார்? எழுத்தாளர்களோடு ஒப்பிடுங்கள். டிராகுலாவை எழுதியவர் ருமேனியரே இல்லை, டப்ளினில் பிறந்தவர். விருதும் டப்ளின்! அது கிடக்கட்டும்.

பழுப்புத்தாள்:
சரி, ருமேனியாவில் பிறந்த எழுத்தாளர்களையே எடுப்போம். ஹெர்தா முல்லர் 2009-இல் நோபல் வாங்கினார். இயொனெஸ்கோவின் 'வழுக்கைத்தலைப் பாடகி' நாடகம் பாரிஸின் ஒரு குட்டி அரங்கில் 1957 முதல் ஓடுகிறது. தத்துவம் எழுதிய சியோரனை மேற்கோள் காட்டாத சோகக்காரர் உண்டா? கர்தரெஸ்கு பெயரோ நோபல் பேச்சில் வருடா வருடம் அடிபடுவதோடு சரி. 2025-இல் அதையும் பக்கத்து ஹங்கேரியின் க்ராஸ்னஹோர்காய் கொண்டுபோய்விட்டார்.

மேசைவிளக்கு:
என் வேலையை நீங்களே சுலபமாக்கிவிட்டீர்கள். முல்லர் எழுதுவது ஜெர்மனில். 1987-இல் நாட்டைவிட்டே போய்விட்டார். மற்ற இருவரும் பிரெஞ்சுக்கு மாறியவர்கள். கர்தரெஸ்கு புக்கரெஸ்டில் பிறந்து, அங்கே பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து, ருமேனிய மொழியிலேயே எழுதியவர். அதற்கு விலையும் உண்டு. 2015-இல் வந்த 'சொலெனாய்ட்' ஆங்கிலத்துக்குப் போக 2022 ஆனது. விருதுத் தொகை 1,00,000 யூரோவில் 25,000 மொழிபெயர்ப்பாளர் ஷான் காட்டருக்குப் போனது. நியாயம்தான், அவர் இல்லாவிட்டால் நாம் இங்கே சண்டை போட்டுக்கொண்டிருக்க மாட்டோம்.

ஓரத்துஇருக்கை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இன்னொரு ருமேனியர், மிர்ச்சா எலியாதேவை மறந்துவிட்டீர்கள். புலம்பெயர்ந்த பிறகும் அவர் கதைகளை ருமேனிய மொழியில்தான் எழுதினார். கல்கத்தா வாழ்க்கையிலிருந்து அவர் எழுதிய 'மைத்ரேயி' 1933-இல் வந்தது. அதற்கு, அந்த நாவலின் நாயகிக்கு மூலமான மைத்ரேயி தேவியே 1974-இல் வங்காளத்தில் ஒரு நாவலால் பதில் சொன்னார். எத்தனை எழுத்தாளர்களுக்கு அப்படி ஒரு பதில் கிடைத்திருக்கிறது?

மேசைவிளக்கு:
அது சரியான அடி, வாங்கிக்கொள்கிறேன். ஆனாலும் உலகம் எலியாதேவை அறிந்தது சமய ஆய்வாளராக. கதைகளுக்காக அவரைத் தேடுகிறவர்கள் குறைவு.

பழுப்புத்தாள்:
ருமேனியாவில் மட்டும் என்னவாம்? அங்கே கர்தரெஸ்குவுக்கு அமோகமாக விற்றது 2004-இல் வந்த 'நாம் ஏன் பெண்களை நேசிக்கிறோம்'. சின்னச் சின்னக் கதைகள். நீங்கள் கொண்டாடுவதோ அறுநூறு பக்கத்தைத் தாண்டும் குண்டு நாவல். ஊரில் ஒரு கர்தரெஸ்கு, வெளியில் வேறொரு கர்தரெஸ்கு. இரண்டு புகழையும் கூட்டிக் கணக்குக் காட்டாதீர்கள். நானே 'சொலெனாய்ட்'டை 200-ஆம் பக்கத்தில் மூடி வைத்தவன்.

மேசைவிளக்கு:
முதல் வரியிலேயே தலையில் பேன் வருகிறது. அதைத் தாண்டி 200 பக்கம் வந்தவர் ஏன் நிறுத்தினீர்கள்? கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள் பின்னால்தான் வருகின்றன.

பழுப்புத்தாள்:
இதைச் சொல்லியா என்னைத் திரும்ப வாசிக்க வைக்கப் பார்க்கிறீர்கள்?