‘இவென்ட் ஹேண்ட்லர்’க்குத் தமிழ்ல என்ன போடறது? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது

கோபி டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. சனிக்கிழமை தோறும் நூலகத்துல தமிழ்வழிப் பசங்களுக்கு பைத்தான் நிரல்மொழி எடுக்கறோமில்லீங்களா, அதுல இப்ப ஜன்னல் செய்யறதுக்கான டிகேஇன்டர் தொகுப்பு வந்துருச்சு, ஜன்னல் தொறக்கறது, பட்டன் வெக்கறது எல்லாம். குறிப்பேடு வெள்ளிக்கிழமை ஈரோட்டுக்கு அச்சுக்குப் போவோணும். பட்டன் அமுக்கறது மாதிரி நடக்கற இவென்ட்டுக்கு ‘நிகழ்வு’ போட்டாச்சு, அதுல மறுபடி பேச வேண்டாம். நிகழ்வு நடந்தா ஓடற ஹேண்ட்லர், அப்புறம் கூப்பிடச் சொல்லிக் குடுத்து வெக்கற கால்பேக், இந்த ரெண்டுலதான் முட்டி நிக்குது. ‘நிகழ்வு கையாளி’ன்னா பசங்க கையாடல், கையாள்னு எங்கயோ போயர்றாங்க. அதைவிட என்ற கவலை வேற. பட்டன் வெக்கறப்ப கமாண்ட்ங்கற எடத்துல செயற்கூறோட (ஃபங்ஷன்) பேரை மட்டும் குடுக்கோணும், கூட்டு-ன்னு. பாதிப்பேரு கூட்டு() ன்னு அடைப்புக்குறியோட எழுதறாங்க. ஜன்னல் கண்ணுக்குத் தெரியறதுக்கு முந்தியே அது ஓடி முடிஞ்சுருது, அப்புறம் பட்டனை எத்தனை அமுக்குனாலும் ஒண்ணும் நடக்கறதில்ல, ஏன்னா பட்டனுக்குப் போய்ச் சேந்தது செயற்கூறு இல்ல, அது திருப்பிக் குடுத்த வெறும் ‘நன்’, ஒண்ணுமில்லைங்கற மதிப்பு. நாம கூப்பிடறதில்ல, பேரைக் குடுத்து வெக்கறோம், வேணுங்கறப்ப அது கூப்பிட்டுக்கும்ங்கறது சொல்லுலயே தெரிஞ்சா எனக்குப் பாதிப் பாடம் முடிஞ்சாப்ல.

பெருந்துறை புலவர் ஐயா:
அம்மிணி, நீங்க கேக்கறது எலக்கணத்துலயே இருக்குது. தொல்காப்பியம் வினையியல்ல வினையெச்ச வாய்பாடு சொல்றப்ப செய்து, செய்யூ, செய்பு, அதுக்கடுத்து ‘செய்தென’. மழை பெய்தெனக் குளம் நிறைந்தது. பெஞ்சது மழை, நெறஞ்சது குளம், வினைமுதல் வேற வேற, முன்னது காரணம் பின்னது காரியம். ‘செய்து’வுல இப்படி வராது, வந்து உண்டான்னா வந்தவனும் உண்டவனும் ஒருத்தன்தான். உங்க பட்டன்ல அமுக்கறது ஆளு, ஓடறது நிரல். அதனால ஹேண்ட்லருக்கு ‘எனவினை’ன்னு வெப்போம். அமுக்கியென ஒரு வினை, தட்டியென ஒரு வினை. நன்னூல் செஞ்ச பவணந்தியார் ஊரு சனகாபுரம், அது நம்ம சீனாபுரந்தான்னு கேட்டு வளந்தவன் நான். இந்தப் பக்கமிருந்து போற பாடக் குறிப்புல ஹேண்ட்லர்னு அச்சாகறதை என்னால ஏத்துக்க முடியாது.

திருப்பூர் தம்பி:
ஐயா, செய்தென விளக்கம் நொம்ப நல்லாருந்துச்சுங்க, நெசமாத்தான் சொல்றேன். ஆனா எனவினைன்னு ஒரு பொண்ணு நெட்ல தேடுனா இந்த மடலைத் தவிர ஒண்ணும் வராது. நான் பொழுதன்னிக்கும் ஜாவாஸ்கிரிப்ட்ல கெடக்கறவன், ஆட்இவென்ட்லிசனர், செட்டைம்அவுட் எல்லாமே டீச்சர் சொன்ன மாதிரி பேரைக் குடுத்து வெக்கறதுதான், அங்கயும் புதுசா வர்ற பசங்க இதே அடைப்புக்குறிலதான் மாட்டறாங்க. ஹேண்ட்லர்னே தமிழ் எழுத்துல போடுங்க, நாளைக்கு வேலைக்குப் போற எடத்துல அதுதான் காதுல விழும். எது போட்டாலும் சரி, கால்பேக்குக்கு ‘மீளழைப்பு’ மட்டும் வேண்டாம், போன்ல திருப்பிக் கூப்பிடறதுன்னுதான் பசங்க நெனப்பாங்க. இன்னொண்ணு, நிகழ்வு வருதான்னு காது குடுத்துட்டிருக்கற லிசனரும் ஹேண்ட்லரும் ஒண்ணில்லீங்க. ஜாவாவுல மொதல்ல ஹேண்டில்இவென்ட்ங்கற ஒரே எடத்துல எல்லாம் வந்து விழும், எது எந்தப் பட்டன்ல இருந்து வந்துச்சுன்னு நாமதான் பிரிச்சுப் பாக்கோணும், 1997ல ஜாவா 1.1 வந்தப்பறந்தான் லிசனரைப் பதிவு பண்ணி வெக்கற முறை வந்துச்சு. பதிவு வேற, வேலை வேற, ரெண்டுக்கும் தனித்தனிச் சொல்லு வேணும்.

பொள்ளாச்சி அக்கா:
லிசனருக்கு நெறையப் பேரு ‘கேட்பான்’ போடறாங்க. எதுக்கு ஆண்பால்? ‘கேட்பி’ன்னு போட்டா என்ன? ஹேண்ட்லருக்கு ‘எதிர்வினை’ நல்லாருக்கும்னு தோணுது.

பெருந்துறை புலவர் ஐயா:
கேட்பி பிறவினைம்மா. கேட்பித்தான்னா அடுத்தவனைக் கேக்க வெச்சான்னு அர்த்தம், காது கொடுக்கறவனைச் சொல்லாது. உண்பி, காண்பி மாதிரி. கருவி, அருவி, குருவின்னு இகரத்துல முடியறதைப் பாத்துட்டு எல்லா வினையோடயும் ‘பி’யை ஒட்டறது இப்ப பழக்கமாயிருச்சு, அதைப் பத்தித் தனியா ஒரு மடல் எழுதறேன். எதிர்வினை பசங்களுக்கு நியூட்டன் மூணாம் விதியைத்தான் ஞாபகப்படுத்தும், அங்க வினையும் எதிர்வினையும் ஒரே நேரத்துல, சமமா. இங்க அப்படியில்லையே.

சத்தியமங்கலத்துக்காரர்:
டிகேஇன்டர்ல ஓயாம சுத்திட்டே இருக்கற மெயின்லூப்பை எல்லாரும் உட்டுட்டீங்களே. எல்லா நிகழ்வும் அதுகிட்டத்தான் வரிசையா வந்து நிக்குது, ஒண்ணை எடுத்து அதுக்குண்டான செயற்கூறை ஓட உட்டு, அது முடிஞ்சாத்தான் அடுத்தது. ஹேண்ட்லருக்குள்ள டைம்.ஸ்லீப் போட்டு 10 வினாடி தூங்க வெச்சுப் பாருங்க, ஜன்னலே உறைஞ்சு போயிரும், எக்ஸ் அமுக்குனாலும் மூடாது, நிரல் கெட்டுப்போச்சுன்னு பசங்க கம்ப்யூட்டரையே அணைச்சுருவாங்க. கீழ்பவானித் தண்ணி கட்டறவங்களுக்கு இது தெரியும், மேல்காட்டுக்காரர் தன் நேரம் முடிஞ்சும் மடையை அடைக்கலீன்னா கீழ இருக்கறவருக்கு முறை வராது. அதனால நிகழ்வெல்லாம் வந்து நிக்கற இவென்ட் க்யூவுக்கு ‘நிகழ்வு முறை’ன்னு போடுங்க. ஸ்லீப்புக்குப் பதிலா ஆஃப்டர் போடோணும், இத்தனை மில்லி வினாடி கழிச்சுக் கூப்பிடுன்னு சொல்லிட்டு உடனே வழியை உட்டர்றது, அதையும் பாடத்துல சேருங்க டீச்சர்.

திருப்பூர் தம்பி:
அண்ணா, ‘முறை’ன்னா மெத்தட்டுக்கு (ஒரு பொருளோட சேந்த செயற்கூறு) என்ன பண்றது? அதுக்கும் அதைத்தான போடறாங்க. வரிசையே இருக்கட்டுமே, கூட்டுறவு சொசைட்டில நின்னவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச சொல்லு.

பொள்ளாச்சி அக்கா:
டீச்சர் கேட்டதுக்கு வர்றேன். ஹேண்ட்லருக்குப் பழகுன ‘கையாளி’யே போகட்டும், இத்தனை வருசமா எழுதி வெச்ச கட்டுரையெல்லாம் அந்தச் சொல்லுலதான் இருக்குது. கால்பேக்குக்கு ‘ஒப்படைச் செயற்கூறு’. ஒப்படைச்சுட்டு வர்றோம், நாம ஓட்டறதில்ல. அடைப்புக்குறி ஏன் போடக்கூடாதுன்னு ஒரே வரில சொல்லிறலாம்: ஓட்டிப் பாத்துட்டுக் குடுக்காதே, அப்படியே ஒப்படை.

கோபி டீச்சர்:
அக்கா, இதைத்தான் தேடிட்டிருந்தேன். பெரும்பாலானவங்க தனி மடல்லயும் கையாளிக்கே சரின்னுட்டாங்க, நேரமும் இல்லீங்க. நிகழ்வு, நிகழ்வு கையாளி, ஒப்படைச் செயற்கூறு, நிகழ்வு வரிசை. மொதல் தடவை வர்ற எடத்துல ஹேண்ட்லர், கால்பேக்னு பக்கத்துலயே எழுதிடறேன், தம்பி கேட்டதுக்காக. ஆஃப்டருக்கு ஒரு பக்கம் சேத்துட்டேன். லிசனர் இந்தப் பாடத்துல வரலை, அடுத்த குறிப்பேட்டுக்கு வெச்சுக்கலாம்.

பெருந்துறை புலவர் ஐயா:
அம்மிணி, ‘ஒப்படைச் செயற்கூறு’ங்கறது ஒப்படைத்த, ஒப்படைக்கிற, ஒப்படைக்கும்னு மூணு காலத்துக்கும் பொதுவா நிக்கற வினைத்தொகை. வினைத்தொகைல வல்லினம் மிகாது. சுடுசோறுன்னுதான சொல்றோம், சுடுச்சோறுன்னு யாராவது சொல்றாங்களா? அச்சுக்குப் போறதுக்கு முந்தி அந்த ‘ச்’சை எல்லாப் பக்கத்துலயும் எடுத்துருங்க, தலைப்புல, பின்னால இருக்கற சொல்லடைவுல, எல்லா எடத்துலயும். கையாளிக்கு நான் ஒத்துக்கலை. எனவினைக்கு ஒரு ஓட்டு இருந்துச்சுன்னு குறிச்சு வெச்சுக்கங்க, லிசனர் பேச்சு எடுக்கறப்ப மறுபடி வர்றேன்.