நினைவு திரும்பியபின் சியாவ்ஃபெங் யார் பக்கம்?

இரவுவாசகி:
2019-இல் வந்த ‘டோங் கோங்’ சீனத் தொடரைப் பார்த்து முடித்தேன். கோபம் ஆறவில்லை. தேயிலை வணிகன் வேடத்தில் பாலைக்கு வரும் இளவரசன் லி செங்யின், ஓநாயைக் கொன்று சீசோ நாட்டு இளவரசி சியாவ்ஃபெங்கை மணக்கும் உரிமை பெறுகிறான். பிறகு அவளுடைய தாய்வழிக் குடியான தான்ச்சியையே அழித்துவிடுகிறான். தாத்தா அவன் கையாலேயே சாகிறார். அவள் மறதி ஆற்றில் குதிக்க, அவனும் குதிக்கிறான். இருவருக்கும் எல்லாம் மறந்துபோகிறது. பிறகு அவனுக்கே மனைவியாகி, அவனையே மறுபடி விரும்புகிறாள்! கொலைகாரனைக் காதலனாகக் காட்ட இந்த மறதி ஒரு குறுக்குவழிதானே?

பாலைநரி:
குறுக்குவழி என்று நான் சொல்லமாட்டேன். ஃபெய் வோ சி த்சுன் எழுதிய மூல நாவலைச் சியாவ்ஃபெங்கே சொல்கிறாள். அவள் மறந்தது நமக்கும் தெரியாது. கணவனோடு அவள் போடும் சண்டைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே படிப்போம். பாதிக்குமேல் உண்மை தெரியும்போது, அதுவரை சிரித்ததற்கே கூசும். தொடரோ நடந்த வரிசையிலேயே சொல்வதால், பார்ப்பவர் சியாவ்ஃபெங்கின் தோழி ஆதுவின் நிலைக்கு வந்துவிடுகிறார். ஆது தான்ச்சிக் குடியில் பிறந்தவள், எல்லாம் தெரிந்தவள். சொன்னால் இவள் தாங்கமாட்டாள் என்று வாய்மூடி நிற்கிறாள். எனக்கு இந்தக் கதையின் மையமே ஆதுதான். இறந்தவர்களை அரண்மனைக்குள் நினைத்துக்கொண்டிருப்பவள் அவள் ஒருத்திதானே?

பழங்கணக்கு:
கதை நடக்கும் நாடு கற்பனை, நிலம் கற்பனையல்ல. 640-இல் சீனாவின் தாங் பேரரசின் படை, வடமேற்குச் சீனாவில் இன்றைய துர்ஃபான் நகர் அருகே இருந்த காவோசாங் அரசைப் பிடித்து, அதைச் ‘சீசோ’ என்ற மாவட்டமாக்கியது. நாயகியின் நாட்டுக்கும் அதே பெயர். அரசியல் உறவுக்காக மணமுடிக்கப்பட்ட பெண்களில் சீன மரபில் பெரிதும் பாடப்பட்டவள், கி.மு. 33-இல் வடபுல நாடோடிகளான சியோங்னு மக்களின் தலைவனுக்கு மணமுடிக்கப்பட்ட வாங் சாவ்சுன். சீனாவின் உள்ளிருந்து வெளியே போனவள். இங்கே வெளியிலிருந்து ஒருத்தி உள்ளே வருகிறாள். அழிக்கப்பட்ட குடியின் வாயிலிருந்து கதை வருவது அந்த மரபுக்கு எதிர்த்திசை.

இரவுவாசகி:
ஆது பற்றிச் சொன்னது சரி. ஆனால் நினைவு திரும்பியபின், கடைசியில் இரு படைகளுக்கும் நடுவே சியாவ்ஃபெங் தன் கழுத்தையே அறுத்துக்கொள்வது? வாள் கையில் இருந்ததே, அவனும் எதிரில்தானே நின்றான்.

பாலைநரி:
அவனைக் கொன்றால் அந்தப் படை முதலில் எங்கே பாயும்? சீசோ மீதுதான். அவனோடு திரும்பிப் போனால் தாத்தாவுக்குத் துரோகம். மூன்றாவது வழி எதையும் அவன் விட்டுவைக்கவில்லை.