முயோன் சிதைவும் நியூத்திரினோ விகிதமும்: உதவி தேவை

குழுவிலுள்ள பௌதிகவியல் ஆசிரியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவர்களுக்காக, ஐஸ்கியூப் ஆய்வகம் தென்துருவப் பனிக்கட்டியினுள் கண்டறிந்து 2013 இல் அறிவித்த உயர்சக்தி நியூத்திரினோக்கள் (ஏற்றமற்ற, மிக இலேசான துணிக்கைகள்) பற்றித் தமிழில் ஒரு குறிப்பு எழுதி வருகிறேன்.

விண்மூலத்தில் பிறக்கும் ஏற்றமுள்ள பையோன் என்னும் குறுகிய ஆயுளுள்ள துணிக்கை, முயோனாகவும் (இலத்திரனை ஒத்த, அதைவிடப் பாரமான துணிக்கை) முயோன் நியூத்திரினோவாகவும் சிதைந்து, பின்னர் அந்த முயோனும் ஓர் இலத்திரன் வகை நியூத்திரினோவையும் ஒரு முயோன் வகை நியூத்திரினோவையும் தந்து சிதைவதால், எதிர்த்துணிக்கைகளையும் சேர்த்து இலத்திரன், முயோன், தௌ என்னும் மூன்று நியூத்திரினோ வகைகளின் விகிதம் அங்கே 1:2:0 ஆகவும், வழியில் நிகழும் அலைவுகளால் (ஒரு வகை மற்றொரு வகையாக மாறுவதால்) பூமியில் ஏறத்தாழ 1:1:1 ஆகவும் அமைகிறது. "வந்து சேரும்போது மூன்றும் சமமென்றால் மூலத்தை எப்படி அறிவது, சேர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். மிக நல்ல கேள்வி. ஓய்விலுள்ள பையோனின் ஆயுள் 26 நனோசெக்கன், முயோனுக்கோ 2.2 மைக்ரோசெக்கன். ஆகவே வலிய காந்தப்புலத்தில் முயோன் சிதையுமுன்னரே சிங்குரோத்திரன் கதிர்வீச்சால் (காந்தப்புலத்தில் வளைந்தோடும் ஏற்றத் துணிக்கை உமிழும் கதிர்வீச்சு) சக்தியை இழந்துவிடும். அப்போது உயர்சக்தியில் பையோன் தந்த முயோன் நியூத்திரினோ மட்டுமே எஞ்சுவதால், விகிதம் 0:1:0 இல் தொடங்கி, பூமியில் ஏறத்தாழ 4:7:7 ஆகும்.

சிதைவு நேரத்தையும் சக்தியிழப்பு நேரத்தையும் சமன்செய்தபோது, பூமியில் விகிதம் 1:1:1 இலிருந்து 4:7:7 ஆக மாறும் சக்தி காந்தப்புலத்துக்கு நேர்மாறு விகிதசமமாக வருகிறது. மூலமே ஒளிவேகத்தை அண்மித்து நம்மை நோக்கிப் பாயும் தாரையாயின், அதன் இயக்கத்தையும் செந்நகர்வையும் (அண்ட விரிவால் வழியில் சக்தி குறைவதையும்) இச்சமன்பாட்டில் எந்தப் படியில் சேர்க்க வேண்டும்? கணிப்பைப் படிப்படியாக எழுதிக் காட்டக்கூடியவர்கள் தயவுசெய்து உதவுங்கள்.